இந்த வருஷம் இலை ஜாஸ்தி

1976 நவம்பர் 6
மழை. முள்ளங்கி ஊறுகாய்க்குக் கல் ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் ஊர்த்தலைவர் கசாமா வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் தேநீர் குடித்தார். வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. எழுந்து போகும்போது மட்டும் மேட்டு வயல் பக்கம் பார்த்து, "ஒங்க பெர்சிமன் பழமரம் நல்லாத் தழைச்சிருக்கு. இந்த வருஷம் இலை ஜாஸ்தி, இல்ல?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எங்கப்பா நட்டது தலைவரே. பாக்கவே எவ்ளோ அழகு!"

கசாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த மரத்து இலை முழுக்க ஊர் வாய்க்காலில் விழுந்து கீழ்வயல் மடையை அடைக்கிறது. மரத்தை வெட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறார் மனுஷன். இவருக்கு அது காதில் ஏறவில்லை. ஒசாகா தொழிற்சாலையிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு இப்போதுதானே ஊர் திரும்பியிருக்கிறார். மாமியாரோடு இங்கேயே கிடந்த எனக்குக் கேட்கிறது.

நவம்பர் 7
சொன்னேன். சாப்பாட்டுக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தார்.

"வெட்டணும்னா வாயத் தொறந்து வெட்டுன்னு சொல்லட்டும். நான் என்ன ஜோசியக்காரனா?"

"இங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நானும் வெட்ட மாட்டேன்."

இவருக்கு எய்சாகு என்று பெயர் வைத்ததற்குப் பதில் பிடிவாதம் என்று வைத்திருக்கலாம்.

டிசம்பர் 12
ஊர்ச் செய்திகளைக் கோத்த பலகை இன்று சுற்றுக்கு வந்தது. பக்கத்து வீட்டு தொமியே எனக்குக் கொடுப்பாள். படித்ததற்கு அடையாளமாக நான் முத்திரை வைத்துக் கீழ் வீட்டில் கொடுப்பேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான். இன்று அவள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி நேராகக் கீழ் வீட்டுக்குப் போனாள். நான் முற்றத்தில்தான் நின்றிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

இவரிடம் சொல்லவில்லை. மறந்திருப்பாள். மறந்திருப்பாளா?

டிசம்பர் 26
மறக்கவில்லை. இன்றும் தாண்டிப் போனாள்.

ஜனவரி 19
மலைப்பாதை வீட்டு கென்பெய் தாத்தா தவறிவிட்டார். சாவுச் சமையலுக்கான வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் துரத்தவில்லை. சாவு வீட்டுப் பெண்கள் அடுப்பைத் தொடக்கூடாது, ஊர்ப் பெண்கள்தான் சமைக்க வேண்டும். ஊர்ப் பெரிய அண்டாவில் நானும் தொமியேயும் சேர்ந்து கிழங்கு வேகவைத்தோம். "உப்பு பாருங்கக்கா" என்று கரண்டியை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. விட்டது பீடை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 21
கடைவாசலில் தொமியேவைக் கூப்பிட்டேன். கேட்காதவள் போலப் போனாள்.

மாமியார் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஊர் ஒரு வீட்டை ஒதுக்கினால் எல்லாவற்றையும் அறுத்துவிடும், இரண்டைத் தவிர. வீடு பற்றி எரிந்தால் வருவார்கள். சாவு விழுந்தால் வருவார்கள்.

ஏப்ரல் 10
விடிகாலையிலேயே மண்வெட்டிச் சத்தம். ஊரே வாய்க்கால் தூர் வாருகிறது. எங்களுக்குத் தேதி சொல்லவில்லை. இவர் பூட்சைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். எங்கள் பங்கையும் சேர்த்து அவர்களே வாரி முடித்திருந்தார்கள்.

"அடடா, ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்!" என்று கசாமா இடுப்பு வளையக் கும்பிட்டாராம். அப்புறம் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கவில்லை.

மண் படாத மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது — யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 3
நாற்று நடவு. நாங்கள் இருவர் மட்டும். இடுப்பு ஒடிந்தது.

செப்டம்பர் 18
கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "யாராச்சும் ஒருத்தன் வந்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டா தேவலடி ஃபுசா" என்றார். அவ்வளவு பெரிய மனுஷனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அக்டோபர் 30
இலை உதிர ஆரம்பித்துவிட்டது.

மரத்தடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு ரம்பத்தை எடுத்து அரம் போட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில் இவரும் இந்த ஊர் பாஷையைப் பேசப் போகிறார்.

"பெர்சிமன் கிளை சொல்லாம ஒடியும்ங்க. கயிறு புடிக்க யாரையாவது கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"யாரை?" என்றார்.

நவம்பர் 3
நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதிவிட்டால்தான் நம்புவேன் போல.

காலையில் ரம்பத்தோடு போனார். நானும் வருகிறேன் என்றேன், "குளிரு, வேணாம்" என்றார். மரம் மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டிலிருந்து தெரியாது, சத்தம்தான் கேட்கும். ரம்பச் சத்தம் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. கீழ்வயலில் ஆட்கள் இருக்கிறார்கள், பார்ப்பார்கள், அவர்களுக்குப் புரியும். பிறகு சத்தம் நின்றது. களைப்பாறுகிறார் என்று நினைத்தேன்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெண்கள் எல்லோரும் சரிவில் ஏறி வந்தார்கள். தொமியே முன்னால். எங்கள் வீட்டுக்கு! கால் தரையில் பாவவில்லை எனக்கு. மரத்தை வெட்டிவிட்டார், கோபம் தீர்ந்துவிட்டது, வருகிறார்கள். உள்ளே ஓடித் தேநீருக்குக் கெட்டிலை எடுத்தேன். நல்ல கோப்பைகள் எங்கே வைத்தேன் என்று தேடினேன். அவர் வந்தால், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

தொமியே உள்ளே வந்தாள். என் கையிலிருந்து கெட்டிலை மெல்ல வாங்கிக்கொண்டாள். என் தோளைப் பிடித்து அடுப்பை விட்டு நகர்த்தினாள்.

அப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தார்கள். பின்னால் இருவர் ஊர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

வீடு எரியவில்லையே... வீடு எரியவில்லையே என்று கத்தினேனாம்.

நவம்பர் 9
இவருடைய காரியமெல்லாம் முடிந்தது. நன்றாகவே செய்தார்கள், ஒரு குறை சொல்ல முடியாது.

காலையில் கதவைத் திறந்தால் இவர் விழுந்த பெர்சிமன் மரம் முழுவதும் விறகாகப் பிளந்து சுவரோரம் அடுக்கியிருக்கிறது. யார் வெட்டினார்கள், எப்போது கொண்டுவந்து போட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மன்னிப்புக்கூட வாயால் கேட்க வராதா உங்களுக்கு? ஒரே ஒரு வார்த்தைக்குத்தானே அந்த மனுஷன் ஒரு வருஷமாய் ஏங்கினார்!

நவம்பர் 20
எங்கள் வாசல் கொக்கியில் பலகை தொங்குகிறது. தொமியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முத்திரை வைத்துக் கீழ் வீட்டில் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 23
நான் அதைத் தொடவில்லை. மூன்று நாளாக மழையில் நனைந்துகொண்டு அங்கேயே தொங்குகிறது. கீழ் வீட்டுக்காரி வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

புரிந்திருக்கும்.