சீசன் முடியும்வரை தட்டு கிடையாது

கோகோமோ, இண்டியானா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கார்வினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் என் புது இடுப்பும் நலம். அங்கே நீயும் உன் பழைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இடுப்பைப் பற்றி உனக்குத் தெரியாது என்று நான் இனியும் நடிக்கப் போவதில்லை, வாயைத் திறக்காதே என்று அத்தனை சொல்லியும் உன் அக்கா லோர்னா எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டாள் என்பது தெரிந்துபோயிற்று. பெரிய கதை ஒன்றுமில்லை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன், வாசலில் பனி உறைந்து கிடந்தது, தொட்டி நின்றது, நான் விழுந்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போய் வருகிறேன், படியேறத்தான் இன்னும் ஆள் வேண்டும். காலையில் லோர்னா வருகிறாள். சர்ச் பெண்கள் முறைவைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவருகிறார்கள், பாவம் நல்ல மனசுதான், ஆனால் எல்லோரும் ஒருவர் விடாமல் சீஸ் போட்டுச் சுட்ட அதே டூனா மீனைத்தான் கொண்டுவருகிறார்கள். ஃபிரீசர் கதவு மூட மாட்டேன் என்கிறது. லோர்னாவின் நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டாய். இந்தப் பதினோரு வருடத்தில் எந்தக் கூடைப்பந்து அணி உன்னைக் கழற்றிவிட்டாலும் அதை நீ வாயால் சொன்னதே இல்லை. ராப்பிட் சிட்டியோ யாக்கிமாவோ ஈரியோ, எங்கிருந்து அனுப்பினாலும் போனை எடுத்து என்ன சமையல் என்றுதான் கேட்பாய், நானும் ஒன்றும் விசாரிக்காமல் கோழியும் நூடுல்ஸும் என்று சொல்லிவிட்டு அடுப்பில் பாத்திரத்தை ஏற்றுவேன். உன் அம்மா போனபிறகு நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட சமையல் அது ஒன்றுதான். மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிடுவாய், நாலு நாள் தூங்குவாய், பிறகு இன்னொரு சின்ன ஊரிலிருந்து எவனாவது கூப்பிடுவான், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். இந்தத் தடவையும் கோழியும் நூடுல்ஸும் என்றுதான் சொன்னேன். நீயோ, "எனக்கு ஒரு தட்டு எடுத்து வைங்கப்பா, இனிமே அங்கதான்" என்றாய். இப்போது ஆடுகிற மைனாட்டிலும் கழற்றிவிட்டார்கள், முப்பத்து நான்கு வயதுக்காரனை இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்து நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

நேற்றுச் சாயங்காலம் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரில் மைனாட் ஆட்டத்தின் வர்ணனையைப் போட்டேன். உன்னை அனுப்பிவிட்ட அணி நன்றாகத் தோற்கட்டும் என்ற கெட்ட எண்ணம்தான், வேறொன்றுமில்லை. மூக்கால் பேசுவானே அந்த வர்ணனையாளன், அவன் திடீரென்று, "இதோ வந்துட்டாருய்யா கார்வின் ப்ரூயிட்! தாத்தா எறங்கியாச்சு, பொடிப் பசங்களா ஓடிப் பொழச்சுக்குங்க!" என்று கத்தினான். நான் வாக்கரை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். உன்னை யாரும் கழற்றிவிடவில்லை! உடனே லோர்னாவைப் போனில் கூப்பிட்டு வரவழைத்து, உட்காரவைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பினாள். அப்புறம், "அவன் கோச்சுகிட்ட பேசிட்டானாம்பா, இந்த மாசக் கடைசியோட போதும்னு. அப்பாவ நீ ஒருத்தியே எத்தன நாள் தாங்குவன்னு கேட்டான், நான் என்னத்தச் சொல்ல" என்று அழுதாள். அவளைத் திட்டாதே, நான் வேண்டியமட்டும் திட்டிவிட்டேன். எனக்காக வருகிறேன் என்று நேராகச் சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரிந்து, அவர்களே அனுப்பிவிட்டதாக நான் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதானே சமையலைக் கேட்டாய்? எமகாதகன்டா நீ.

இப்போது நான் சொல்வதைக் கேள். முடிவெட்டும் கஸ்ஸை உனக்குத் தெரியும். பெரிய லீக்கில் பத்து நாள் ஒப்பந்தத்துக்கு உன்னைக் கூப்பிட்டார்களே, ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது, உன்னை ஆடவே இறக்கவில்லை, நீ பெஞ்சில் எழுந்து நின்று மற்றவர்களுக்காகத் துண்டைச் சுழற்றினாய். அன்றிலிருந்து கஸ் கத்திரியை எடுத்தாலே, "ஏம்பா வெண்டல், பெரிய லீக்குல துண்டு வீசுனானே உம் பையன், இப்ப என்ன பண்றான், துணிக்கட வச்சுட்டானா?" என்பான். கடையே சிரிக்கும். ஒருநாள் பாதி வெட்டிய தலையோடு திரும்பி, "இங்க உக்காந்திருக்குற எவனாச்சும் அந்த பெஞ்சுல உக்காந்திருக்கியாடா? என் பையன் உக்காந்திருக்கான்" என்றேன். மீதித் தலையைக் கஸ் மிகவும் கவனமாக வெட்டினான். அதே கஸ்தான் இப்போது உன் ஆட்டம் உள்ள நாளெல்லாம் பீரோடு வந்து எனக்குச் சவரமும் செய்துவிட்டு வர்ணனை கேட்கிறான். நேற்று உன்னைத் திரும்ப உட்காரவைத்தபோது, "அவன ஏன்யா வெளிய எடுத்தான், கோச்சுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று என் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தியது அவன்தான்.

ஆனால் எனக்கு உன்னைப் பற்றி நினைக்கும்போது முதலில் வருவது அந்த பெஞ்சு இல்லை. ஈரியில் உன்னை அனுப்பியபோது உன் கார் படுத்துவிட்டது, நான்தான் வந்து கூட்டிப்போனேன். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, "அரங்கத்துப் பக்கம் ஒரு நிமிஷம் விடுங்கப்பா" என்றாய். மடியில் அவர்களுடைய ஜெர்சி, துவைத்து மடித்து வைத்திருந்தாய். உள்ளே கொடுத்துவிட்டு நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே துணிமணி பார்க்கிற பெர்னடெட் என்ற அம்மாள் என் கார் ஜன்னலுக்கு வந்தாள். "கழட்டிவிட்ட பசங்க எல்லாம் ஜெர்சிய எம் மூஞ்சில வீசிட்டுத்தான் போவானுங்க சார். தொவச்சுக் கொண்டாந்து குடுத்தது இவன் ஒருத்தன்தான். நல்லா வளத்திருக்கீங்க" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு வழியெல்லாம் நான் ஏன் பேசாமல் வந்தேன் என்று கேட்டாயே, இதனால்தான்.

ஒன்பது அணிகள் உன்னை விட்டிருக்கின்றன, நீ ஒன்றைக்கூட விட்டு வந்ததில்லை கார்வின். போ என்று அவர்கள் சொல்கிற கடைசி நிமிஷம்வரை நின்று ஆடியிருக்கிறாய். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? முதல் தடவையாக நீயாக விட்டுவருவது என் இடுப்புக்காகவா இருக்க வேண்டும்? முழங்கால் போதும் என்றால் வா, உனக்கே சலித்துவிட்டால் வா, இந்த வீடு எப்போதும் உன்னுடையது. ஆனால் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வராதே. வாரத்துக்கு மூன்று நாள் உன் ஆட்டத்தைக் கேட்கத்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன், அதைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது என்று வைத்தியம் பார்க்கிற பெண்ணே சொல்லிவிட்டாள். நாளைக்கே போய்க் கோச்சிடம், எங்கப்பா விடமாட்டேங்குறார் என்று சொல். வேண்டுமானால் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன்.

இத்துடன் வரும் பெட்டியில் கம்பளிச் சாக்ஸும் லோர்னா செய்த கடலை மிட்டாயும் இருக்கின்றன, மிட்டாயை அணியின் பஸ்ஸில் எல்லோருக்கும் கொடு. ஆட்டம் முடிந்ததும் முழங்காலில் ஐஸ் வைக்காமல் படுக்காதே. மைனாட் குளிரில் காரின் எஞ்சின் உறைந்துவிடும், ராத்திரி அதைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயரைக் கரண்டில் செருகி வைக்க மறக்காதே. தேவன் உன் கால்களையும் உன் மனசையும் காப்பாராக. உன் அம்மா இருந்திருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள், என்னைவிடச் சத்தமாக.

ஏப்ரலில் கடைசி ஆட்டம் முடிந்தபிறகு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிறேன். அதுவரை இந்த வீட்டில் உனக்குத் தட்டு கிடையாது, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்த தடவை போன் செய்யும்போது என்ன சமையல் என்று கேட்காதே. அப்பா, ஆட்டத்தைக் கேட்டீங்களா என்று கேள்.

உன்னை எண்ணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அப்பா
வெண்டல் ப்ரூயிட்