ஹ என்றால் எந்த நிறம்

இல்லை, இன்னும் முடிக்கவில்லை. இலைகள் ஆயிற்று. காம்பும், காம்பின் கொக்கியும், பின்னால் தெரியும் வேலிக் கம்பியும் ஆயிற்று. பூ மட்டும் வெறும் காகிதமாக நிற்கிறது. அதன் நடுவில் உன் பென்சிலில் ஒரு கன்னட எழுத்து. ஹ.

இன்று காலை உன் அம்மா ஜன்னலைத் திறந்தார்கள். பலாச்சுளையும் கனிந்த வாழைப்பழமும் கலந்த வாசம் உள்ளே வந்தது. மனோரஞ்சிதம். நீ போனபின் முதல் முறையாகப் பூத்திருக்கிறது. எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்த வாசம் வரும் என்று உன் அம்மா ஒருமுறை சொன்னார்கள். நீ கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தாய். உனக்கு மிளகாய் பஜ்ஜி வாசம்தான் வருகிறது என்றாய். இன்று அம்மா ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்கள்.

யாதவகிரியில் நம் இரண்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் உன் அப்பாவின் தோட்டம். டேலியா, காசித்தும்பை, சங்குப்பூ, மூலையில் மனோரஞ்சிதப் புதர். நீ கோடு. நான் வண்ணம். எப்போது அப்படிப் பிரித்துக்கொண்டோம் என்று நினைவில்லை. பத்து மணி வெயிலுக்குள் பூக்கள் வாடிவிடும். அதனால் நீ வரையும்போதே இதழுக்குள் நிறத்தின் முதல் எழுத்தை எழுதிவைப்பாய். நான் கல்லூரியிலிருந்து வந்து மாலையில் நிரப்புவேன். நீ படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் உனக்கு வாயில் மட்டும்தான். சிவப்புக்குக் கெ. வெள்ளைக்கு பி. நீலத்துக்கு நீ.

சங்குப்பூக் கொடியில் இருபது பூ. இருபதிலும் நீ, நீ, நீ. இரண்டு மொழியிலும் அதே சொல், அதே பொருள். யாரோ யாரையோ கூப்பிடுவது போலிருக்கிறது என்றேன். "நீலம்தான். சும்னே கவிதை பண்ணாதே கணே," என்றாய், கன்னடம் கலந்து.

ஹ தான் தொல்லை. கன்னடத்தில் ஹஸிரு என்றால் பச்சை. ஹளதி என்றால் மஞ்சள். நீ இரண்டுக்கும் ஹ என்றே எழுதுவாய். உனக்குத் தெரியும், எது எது என்று. ஒருநாள் குரோட்டன்ஸ் இலை முழுக்க ஹ. நான் பச்சை வரவேண்டிய இடத்தில் மஞ்சளும், மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சையும் போட்டுவிட்டேன். நீ படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாய். கிட்டே பிடித்துப் பார்த்தாய். "இந்தச் செடியை எங்க பாத்தே, சொல்லு, அப்பாவை அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்றேன்," என்றாய். சிரித்ததில் உனக்கு மூச்சு வாங்கியது. அது சிரிப்பினால் என்று நினைத்தேன்.

சிறுவயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

மாநிலத்துக்கு கர்நாடகா என்று பெயர் மாறிய வருடம் நான் எம்.ஏ. சேர்ந்தேன். என் அப்பாவுக்கு ஹூப்ளிக்கு மாற்றல். நான் ஹாஸ்டலுக்குப் போனேன். இரண்டு மைல் தூரம். அங்கே புதிய நண்பர்கள், நூலகத்தில் அயல்நாட்டு ஓவியங்கள் அச்சான பெரிய புத்தகங்கள். சதுரங்கள். உடைந்த முகங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் டேலியாவைப் பார்த்துக்கொண்டே, இதெல்லாம் காலண்டர் வேலை என்று சொன்னேன்.

நீ பென்சிலை நிறுத்தவில்லை. "காலண்டர்ல தேதியாவது இருக்கும்டீ. உன் படத்துல என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு நான் வருவது குறைந்தது. பிறகு நின்றது. கோபம் என்று சொல்ல முடியாது. வசதியாக இருந்தது.

பிறகு உன் கார்டு வந்தது. கன்னட எழுத்தில் தமிழ். உன் அப்பா வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டிருக்க வேண்டும். 'மனோரஞ்சிதம் பூத்திருக்கு. பச்சையா இருக்கறப்பவே வா. மஞ்சளாயிட்டா வாசனைக்கு எல்லாரும் வருவாங்க. புதன்கிழமை காத்திட்டிருப்பேன்.' நடந்தது ஏதும் அதில் இல்லை. உடம்பைப் பற்றியும் இல்லை.

புதன்கிழமை எனக்கு ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அது பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. அதை உனக்குச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. சனிக்கிழமை கான்டீனில் உட்கார்ந்து பூக்களை வரைவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நீ பேசும் நிலையில் இல்லை. செவ்வாய்க்கிழமை முடிந்தது.

போன வாரம் உன் அம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். உன் அப்பா ஓய்வு பெறுகிறார். மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீ படங்களைக் கட்டிவைத்திருந்த அட்டையில் இந்த ஒரு படம்தான் நிறமில்லாமல் இருந்ததாம். முடித்துக் கொடுத்தால் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போவோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி, கடைசி வரைக்கும் இவ ஒருத்திதான் அவளுக்கு என்றார்கள். கார்டைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

பூவில் எழுதியிருந்தது ஹ. பச்சை என்றால் நீ எனக்காகக் காத்திருக்கவில்லை, பூத்ததும் வரைந்துவிட்டாய். மஞ்சள் என்றால் காத்திருந்தாய். பூ மாறும்வரை.

அம்மாவிடம் கேட்டேன். அவள் வரைந்த அன்றைக்குப் பூ எப்படி இருந்தது, பச்சையா, மஞ்சளா.

"பூவை நான் எங்கம்மா பாத்தேன். அவ மூச்சையில்ல பாத்திட்டிருந்தேன்."

அதனால் இங்கேயே தங்கிவிட்டேன். தினமும் காலையில் புதரின் எதிரில் உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எந்தப் பூவையும் இப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எழுத்து போதுமானதாக இருந்தது. பச்சையாக இருக்கும்போது இதழ்கள் மெல்லியவை, குறுகலானவை. ஆறும் இறுக்கமாகச் சேர்ந்து நிற்கின்றன. நாளாக நாளாகச் சதை போடுகின்றன. வெளி மூன்றும் தளர்ந்து கீழே சாய்கின்றன. இன்று காலை, வாசம் வந்தபோது, ஒன்றின் நுனி காம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

உன் படத்திலும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதழின் அடியில், சதை தடித்த இடத்தில், இரட்டைக் கோடு போட்டிருக்கிறாய். இல்லாததை நீ வரைந்ததே இல்லை.

மஞ்சள். புதன்கிழமை இல்லை. பச்சையிலிருந்து இப்படிச் சாய மூன்று நாளாவது ஆகிறது, வியாழன், வெள்ளி இல்லை. ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை. நான் கான்டீனில் இருந்த நேரம். அதற்கு முன் மூன்று நாள் பென்சிலோடு இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

நீ காத்திருக்கவில்லை என்று தெரிந்தால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். இதுதான் வலிக்கிறது. இதை நான் எங்கேயும் இறக்கிவைக்கப் போவதில்லை.

இதையெல்லாம் உனக்குச் சொல்லி முடித்து, மதியம் மஞ்சளைக் கரைத்தேன். துளி பச்சை சேர்த்தேன், காம்பின் அருகில் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எழுத்தை அழிக்கவில்லை. வண்ணத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது.

காய்ந்ததும் படத்தையும் உன் கார்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மாவுக்குக் கன்னட எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன், புதன்கிழமை காத்திட்டிருப்பேன் என்ற கடைசி வரி வரைக்கும்.