பார்த்ததற்கு மாத்தாள்

மாசி 3, செவ்வாய்

பனி இன்னும் விடவில்லை. ஒன்பது மணி வரை மலை தெரியவில்லை. ஜாக்கெட் இரண்டு, கொக்கி வாங்க வேண்டும். கொழுந்தனார் யூடியூப் சேனலில் புது வீடியோ, தேங்காய் வைத்துப் போர்வெல்லுக்குத் தண்ணீர் பாயிண்ட் பார்ப்பது. குடும்ப குரூப்பில் வழக்கமான உத்தரவு: முழுசாகப் பார்க்கவும், விளம்பரத்தைத் தள்ளக் கூடாது. ஓடவிட்டுத் தையல் மிஷின் மேல் வைத்தேன். போன் தோசைக்கல்லாய்ச் சூடு. சார்ஜ் தீர்ந்து போன் செத்தது. அவசர ஜாக்கெட்டுக்கு அழைத்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

புதன்

கொழுந்தனார் மைசூர்பாகுடன் வந்தார். சேனலுக்கு முதல் பணம் வந்துவிட்டதாம்.

"நீங்கெல்லாம் பாத்ததாலதானுங்க அண்ணி வந்துச்சு."

அப்படியானால் பார்த்தவர்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போனதும் வீட்டுக்காரருக்குக் கோபம். சும்மா பார்ப்பதற்குக் கூலியா, சொந்தத்துக்குள் மானம் போகிறதாம். சும்மாவா? என் கண், என் நேரம், என் நெட் பேக். சும்மா என்றால் விளம்பரக்காரன் எதற்குக் காசு கொடுக்கிறான்? போகட்டும். மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளி

எங்கள் மஞ்சள் காட்டில் வெட்டுக்கு ஆள் இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து மாத்தாள் இரண்டு பேர் வந்தார்கள். போன வாரம் நாங்கள் அவர்களுக்கு வெட்டியதற்குப் பதில் வேலை. அப்போதுதான் உறைத்தது. இங்கே யார் காட்டில் குனிந்தாலும் ஒன்று கூலி, இல்லாவிட்டால் மாத்தாள். சொந்தத்துக்கும் அதேதான். போனுக்குக் குனிந்தால் மட்டும் ஒன்றுமில்லையா?

குரூப்பில் போட்டேன்: பார்த்ததற்கு மாத்தாள் வராமல் என் போனில் இனி சேனல் ஓடாது.

சின்ன நாத்தனார் கட்டைவிரல் போட்டாள். பெரியவளும். வீட்டுக்காரர் அழிக்கச் சொன்னார். அழிக்க மாட்டேன்.

ஞாயிறு

வெயில் சுள்ளென்று. பாதிப் பாத்தி முடிந்தபோது வரப்பில் கொழுந்தனார், தோளில் மம்முட்டியோடு. முகம் உம்மென்று. நாத்தனார்களும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு பாத்தி வெட்டினார். நன்றாகவே வெட்டினார், இல்லையென்று சொல்ல முடியாது. உள்ளங்கையில் கொப்புளம். பிறகு போனை எடுத்து மஞ்சளை, வீட்டுக்காரரை, வியர்வையோடு நின்ற என்னை எல்லாம் வீடியோ பிடித்தார்.

"சாயங்காலம் போடறேனுங்க அண்ணி. பாத்துருங்க."

"பாக்கறனுங்க தம்பி. நாளைக்கும் மம்முட்டியோட வந்துருங்க."