கண்ணாடியை ஏற்றி வையுங்கள்

ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

காலைப் பிரார்த்தனையை முடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, ஆள் வைத்து அடைத்தாயிற்று. மகளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து போனார்கள். "அப்பா இல்லையா?" என்றாள். "அவர் என்னைக்கு இருந்தாரு?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று லோடு ஆபீஸில் இதை வாங்கும்போதே முணுமுணுப்பீர்கள். முந்தாநாள் போனில் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றீர்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்கலாமென்று, "நான் வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டுப் போகப்போறேன்" என்றேன். அதற்கும் "சரி, பாத்துச் செய்" என்றீர்கள். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காது டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று. ஜன்னல் பக்கத்துக் காது போனது போனதுதான். இனியும் கண்ணாடியை இறக்கி, அந்தக் காற்றிலும் இஞ்சின் சத்தத்திலும் ஓட்டினால் மற்றக் காதும் பின்னாலேயே போய்விடும் என்றார். மூடி ஓட்டுங்கள் என்றார். "இந்த வெயில்ல மூடினா வெந்துபோவேன்" என்றீர்கள். அதுவும் உண்மை. இந்த லாரி நம் கைக்கு வந்த நாளிலிருந்து அதில் ஏசி ஓடி நான் பார்த்ததில்லை.

அதனால் ஏசியைப் புதுப்பித்துவிடலாம் என்றிருக்கிறேன். கடைத்தெரு முனையில் வண்டி ஏசி வேலை பார்ப்பவர் இருக்கிறாரே, குளிர்காரர் என்கிறார்களே, அவரிடம் விசாரித்துவிட்டேன். நம் வண்டியில் இருந்த பழைய கேஸை இப்போது யாரும் விற்பதில்லையாம். புது கேஸுக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். செலவைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். வீட்டுக் கணக்கு என் கையில் இருக்கிறது; எங்கே பிடித்து எங்கே விடுவது என்று எனக்குத் தெரியும்.

வயதான காலத்தில் நாம் இரண்டு பேர்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கப் போகிறோம். என் காது நன்றாக இருக்கிறது, நீங்கள் பேசலாம். நான் யாரிடம் பேசுவது?

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 9

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

சரக்கு இறக்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் உள்ள வண்டிக்காரர் இறங்கிப் போய்ச் சவரமே செய்துகொண்டு வந்துவிட்டார். ஸ்டியரிங்கில் அட்டையை வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், கோபிக்காதே.

முதலில் ஒன்று. நீ யாரையும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். நீ கேட்கிற கேள்விகளுக்கு அந்த ஆள் ஒரு வாரம் தாங்கமாட்டான். அவன் பாவம் நமக்கு வேண்டாம். விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதம் படித்துவிட்டு ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவே இல்லை.

ஆனால் ஏசி வேண்டாம். உன் சக்களத்தி என்று நீ பெயர் வைத்த இந்த லாரியின் வயது உனக்கே தெரியும். பல்லெல்லாம் ஆடுகிற காலத்தில் அவளுக்கு எதற்குப் புது நகை? ஏசி போட்டால் மேட்டில் இழுவை குறையும். டீசலும் கூடக் குடிப்பாள். அதோடு, டயரில் காற்று இறங்கினாலும் பிரேக் தேய்ந்தாலும் டிரைவருக்குச் சத்தத்தில்தான் தெரியும். மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டினால் எனக்கும் பின்னாலிருக்கிற மூட்டைக்கும் என்ன வித்தியாசம்?

அப்படியே பிடிவாதம் பிடித்தால், புது கேஸை மட்டும் அடித்துவிட்டுப் போகலாம், ஒரு மாதிரி ஓடும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். இல்லையென்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். அது மலிவு.

உன் லாரிக்காரன்


ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நான் படித்துக்கொண்டிருந்தேன். குளிர்காரரிடம் அவர் வேலைக்கான புத்தகத்தை வாங்கி வந்து, மகளுடைய பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையல் முடிந்த பிறகெல்லாம் படித்தேன். படங்கள் இருந்ததால் பிழைத்தேன்.

கேஸை மட்டும் அடிக்கச் சொன்னவர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை. பழைய கேஸோடு ஓடிய எண்ணெய் புது கேஸோடு கலக்காது. கம்ப்ரசர் எண்ணெயில்லாமல் தேய்ந்து இறுகிப்போகும். புது கேஸ் பழைய ஹோஸின் ரப்பர் வழியாகவே மெல்லக் கசிந்துவிடும். முன்பக்கம் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரும் இப்போதிருப்பதைவிடப் பெரியதாக வேண்டும். இல்லாவிட்டால் ஓடும், ஆனால் குளிராது. ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் பாட்டிலையும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கிற கூலிங் காயில் மட்டும் நல்லதாக இருக்கிறதாம், கழுவினால் போதும். அதை மாற்றச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் குளிர்காரரிடம் ஒப்பித்தேன். "அக்கா, நீங்க எதிர்ல கடை போட்டுட்டா நான் எங்க போறது?" என்றார்.

இழுவை குறையும் என்கிறீர்கள். மேட்டில் கொஞ்ச நேரம் ஏசியை நிறுத்திக்கொள்ளுங்கள். டயர் சத்தம் கேட்க வேண்டும் என்கிறீர்கள். எந்தக் காதால்?

எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை. கோபத்தில் எழுதவில்லை. தினமும் பிரார்த்தனையில் உங்களுக்காக நான் கேட்பது நிறைய இருந்தது. இப்போது ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஆண்டவனிடம் கேட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. அடுத்த லோடு முடிந்ததும் வண்டியை நேராக அவர் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கேட்கவில்லை, சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


மே 5

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாடு மறுநாள் காலைவரை கெடவில்லை. ஏன்? குளிர். கால்மாட்டில் வைத்திருந்தேன், ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது.

பட்டறையில் நீ ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்; அசைந்தால் எங்கோ கசிவாம். குளிர்காரர் "நிக்குதுக்கா" என்றார். "முள்ளு மூச்சு விடுது, நல்லாப் பாருங்க" என்றாய் நீ. அவர் மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ஹோஸின் இணைப்பை மறுபடி முறுக்கினார். "உங்க வீட்ல கள்ளக்கணக்கு எழுத முடியாது போலிருக்கே" என்று என்னிடம் காதோடு சொன்னார். நல்ல காது பக்கம் வந்து சொன்னதால் கேட்டது.

சக்களத்தி இப்போது மிடுக்காக இருக்கிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ராஜா மாதிரி போகிறேன். தூசி இல்லை, வியர்வை இல்லை. நீ கவலைப்படாதே.

உன் லாரிக்காரன்


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கிளம்பிப் போன அன்று மத்தியானம் குளிர்காரர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு மனசா இருக்கு" என்றார்.

இந்த முறை வண்டியைச் சோதனைக்கு விட்டீர்களே, அப்போது கூலிங் காயிலைத் திறந்து பார்த்தாராம். புதிதாகக் கழுவிப் போட்டது. ஒன்றரை மாதத்தில் ரோட்டு மண் சேறு மாதிரி அப்பியிருந்ததாம். "கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஏசியப் போட்டு ஓட்டுனாத்தான்க்கா இப்படி ஆகும். அண்ணன்கிட்ட கேட்டேன், சிரிச்சிட்டுப் போய்ட்டாரு" என்றார்.

ஏசியும் ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் குளிர் அடித்துக்கொண்டு போகிறீர்கள்.

இது செலவுக் கோபம் இல்லை. கோபமே இல்லை. போன வாரம் டாக்டரிடம் போனோமே, அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களே. நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு கையைத் தூக்கிய இடங்களில் இந்த முறை நீங்கள் தூக்கவில்லை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு உள்ளே ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும் போலிருந்தது.

ராஜா மாதிரி போவதாக எழுதினீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் பொய் எழுதியவர் இல்லை நீங்கள். ஏதோ காரணம் இருக்கிறது. எனக்குச் சொல்லக்கூடாத காரணமா? எது என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 28

அன்புள்ள உனக்கு,

கணக்குப்பிள்ளை என்று எழுத இன்று கை வரவில்லை.

பட்டறையிலிருந்து கிளம்பிய அன்று உண்மையிலேயே கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருந்தேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் குளிர் நிறைந்துவிட்டது. வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. எவ்வளவு அமைதி என்று நினைத்து முடிப்பதற்குள் விசில் ஆரம்பித்தது.

வண்டியில் இல்லை. காதுக்குள். குக்கர் விசில் ஏறி, இறங்காமல் அப்படியே நின்றால் எப்படி இருக்கும்? அப்படி. முதலில் கம்ப்ரசர் பெல்ட் கத்துகிறது என்று நினைத்து ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், அணைத்த வண்டிக்குள், நான் ஒருவன். சொன்னால் சிரிப்பாய், எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாட்டுப் போட்டுப் பார்த்தேன். விசிலை மூழ்கடிக்கிற அளவு சத்தம் வைத்தால் டாக்டர் சொன்னது வீணாகிறது. கண்ணாடியை இறக்கினால் காற்றிரைச்சலில் அது ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் இறக்கினேன். ஏசியை நிறுத்தவும் மனம் வரவில்லை. நீ ஸ்டூலில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. அதை ஓடவிட்டாலாவது உனக்கு ஒரு மரியாதை என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

முன்பே இந்த விசில் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. வண்டியில் காற்று மறைத்தது. வீட்டில் நீ மறைத்துவிட்டாய். நீ பாத்திரத்தோடு பேசுவாய், பால்காரரோடு பேசுவாய், ஆண்டவனோடு வாய்விட்டுப் பேசுவாய். உன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் இருக்கிற நாட்களில் ஒரு தடவைகூட அந்த விசிலை நான் கேட்டதில்லை.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்பாய். சொன்னால் வண்டியை விடச் சொல்வாரோ என்ற பயம். உன்னிடம் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்ற பயம். எது பெரியது என்று தெரியவில்லை.

உன்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன், கொஞ்சம் அழுதேன், பிரார்த்தனை செய்தேன், பிறகு டாக்டரிடம் போனேன். நீங்கள் போகமாட்டீர்கள் என்று தெரியும்.

வண்டியை விடச் சொல்லவில்லை. காது கெட்டவர்கள் நிறையப் பேருக்கு இந்த விசில் உண்டாம். அதை வெட்டி எடுக்கிற மருந்து கிடையாது. ஆனால் பக்கத்தில் ஏதாவது மெல்லிய சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் மனசு அதை விட்டுவிட்டு இதைக் கேட்கத் தொடங்குமாம். உரக்க இருக்க வேண்டியதில்லையாம். "மெதுவா, நிக்காம, அவருக்குப் பழக்கமான சத்தமா இருந்தா நல்லதும்மா" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

தாங்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தவிர வேறு யார் இதைத் தாங்குவது?

வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்தாயிற்று. பால் நிறுத்தச் சொல்லிவிட்டேன். டிரைவர் பக்கத்து சீட்டுக்கு நேராகக் குளிர்காற்று வருகிற வாயைத் திருப்பிவிடச் சொன்னார் குளிர்காரர், இல்லாவிட்டால் எனக்கு ஜலதோஷம் பிடிக்குமாம். ஒரு சால்வையும் எடுத்து வைத்திருக்கிறேன். என் பிரார்த்தனைப் புத்தகம், பேசியே தீராத அண்டை வீட்டு விவகாரம், உங்கள் தங்கை மகன் கல்யாணத்தில் நடந்தது, இதெல்லாம் இந்த லோடு போய்த் திரும்புகிறவரை வரும். தீர்ந்தால் முதலிலிருந்து சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் லோடோடு நம் ஊரைத் தாண்டுவீர்களே, பெட்ரோல் பங்க் எதிரில் நிற்பேன். வண்டியை நிறுத்தும்போதே கண்ணாடி ஏறியிருக்க வேண்டும். நீங்கள் பதில் பேச வேண்டும் என்றில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டினால் போதும். உங்கள் நல்ல காது என் பக்கம்தான் இருக்கும்.

இதற்கு மேல் எழுதுவதற்கில்லை. மீதியை வண்டியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி