காருக்குள் நான் இருந்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டி வலி குறைந்ததா? நானும் என் வீட்டுக்காரர் வெண்டலும் அரிசோனா சுற்றுலா முகாமில் வேலைக்குச் சேர்ந்துவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடிபடவில்லை.

நாங்கள் குடியிருக்கும் பெரிய வண்டிக்குப் பின்னால் குட்டிக் காரைக் கட்டி இழுத்து வருவோம் அல்லவா? கிளம்புமுன் காருக்குள் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை விடுவிப்பது என் வேலை. நேற்று நான் இறங்குவதற்குள் வெண்டல் வண்டியை எடுத்துவிட்டார்! ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது அம்மா, பேய் ஓட்டுவதுபோல! என் போனோ பெரிய வண்டியில். ஹாரனை விடாமல் அடித்தேன். பின்னால் எவனோ அவசரக்காரன் என்று இவர் ஓரமாக ஒதுங்கி, கையைக் காட்டி வழிவிடுகிறார்!

டீசல் போட நிறுத்தியதும் குதித்து இறங்கி, "இவ்வளவு நேரம் நான் இல்லாதது தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"நீ உள்ள படுத்திருப்பேன்னு நினைச்சேன் லார்னா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டேதான் வந்தேன். நீதான் இப்பல்லாம் பதிலே சொல்றதில்லையே."

அங்கிருந்து முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன், அம்மா.

முகாமில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். அப்பா வேட்டைக்குக் கொண்டுபோன வாக்கி டாக்கி இரண்டையும் அனுப்பிவை. ஒன்றை வெண்டலிடம் கொடுக்க வேண்டும்.

உன் லார்னா