மாஸ்க்குக்குள் உதடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? ஆடுகள் சுகமா? நான் நலம். நம்மூர்க் கல்லூரியில் படித்த இரண்டு வருடத்தையும் ஏற்று, நர்சிங் பட்டப்படிப்பில் நேரே மூன்றாம் ஆண்டில் சேர்த்துவிட்டார்கள்.

நேற்று வார்டில், "யாருக்கு டிரிப்ஸ் தீந்திருக்கு?" என்று ஆசிரியை கேட்டார். நம் வழக்கப்படி, விரல் நீட்டாமல், ஜன்னல் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினேன். முகத்தில் மாஸ்க்!

"தெரியலன்னா வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார்.

ஜன்னலோர நோயாளி சிரித்தார். நம் நவஹோ பழங்குடி ஆள். "அவ அப்பவே என்னைக் காட்டிட்டா டீச்சர். மாஸ்க் கோணிச்சே, பாக்கலையா?"

பிறகு நம் மொழியில், "நீ எந்தக் குலம்மா?" என்றார். இங்கே யாரும் கேட்காத கேள்வி. தாய்வழியில் வந்த உன் குலத்தைச் சொல்லிக்கொண்டே அவருக்கு டிரிப்ஸை மாற்றினேன்.

நீ அரைத்த நீலச்சோள மாவு கொஞ்சம் அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இங்கே விரல் நீட்டிக் காட்டப் பழகுகிறேன். வீட்டில் மறந்து நீட்டிவிட்டால், மரியாதை கெட்டவளே என்று நன்றாகத் திட்டு அம்மா.

உன் ஷாந்தீன்