மக்கனாவும் அம்மாவின் துண்டும்

நீ தொழும்போது தலையில் போடும் வெள்ளை மக்கனா இப்போது என் மடியில் இருக்கிறது. சோப்பும் கொஞ்சம் அத்தரும் மணக்கின்றன. சாயங்காலம் உன் அம்மா கொடுத்தார்கள். "நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டு ஆத்தா," என்றார்கள். என் அம்மா தூங்கிவிட்டாள். இறந்தவளுக்கு எழுதினால் காய்ச்சல் வரும் என்பாள்; அதனால் போர்வைக்குள் எழுதுகிறேன்.

நாளை நம் பள்ளியின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச நான் தனியாகப் போக வேண்டும். போன வருஷம் பெரிய வகுப்பிலிருந்து நாம் இருவரும் போனோம். யார் யார் தலையில் எதற்காகத் துணி போடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நீ மக்கனாவைப் போட்டுக் காட்டினாய். முன்வரிசையில் ஒரு வாண்டு கேட்டாள்: "அக்கா, நீங்களும் ஓடைப்பட்டிக்குப் பழம் வெட்டப் போறீகளா?"

திராட்சைத் தோட்டத்தில் வெயிலுக்குத் துண்டு கட்டும் அம்மாக்களைத்தான் அவளுக்குத் தெரியும். எல்லோரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய். "இல்ல ஆத்தா, தொழுகப் போறேன். அங்கன வெயிலு இல்ல."

உடனே ஒரு பையன் எழுந்தான். "எங்க தாத்தா கோயிலுக்குள்ள போனா தலையில இருக்க துண்ட அவுத்துருவாகளே?"

எனக்கே குழப்பம். சாமிக்கு முன்னால் துணி போட வேண்டுமா, எடுக்க வேண்டுமா? நீ தடுமாறவில்லை. நான் கொண்டுவந்திருந்த, என் அம்மா தோட்டத்தில் கட்டும் துண்டை அவனிடம் நீட்டி, "தாத்தா மாதிரி செஞ்சு காட்டுறியாப்பா?" என்றாய். அவன் தலையில் கட்டி, அவிழ்த்து, இடுப்பில் சுற்றிக் கும்பிட்டான். பின்னால் ஒருத்தி, சர்ச்சில் அவள் அம்மா போடும் முக்காட்டைத் தன் கைக்குட்டையால் போட்டுக் காட்டினாள். "பாத்தீகளா, அவுகவுக வீட்டு மரியாதை," என்றாய். அவ்வளவுதான்.

மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நாளை யாராவது, "அந்த அக்கா எங்க?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

இறந்துவிட்டாள் என்றே சொல்லப்போகிறேன். பிறகு பழம் வெட்டும் கதையைச் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

உன் மக்கனாவை அம்மாவின் துண்டோடு ஒரே பையில் வைத்துவிட்டேன். அதை நான் போட மாட்டேன். உன்னைப் போலத் தொழுகிற, அதைப் போடத் தெரிந்த பிள்ளை ஒருத்தி இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவளிடம் நீட்டி, உன்னைப் போலவே கேட்பேன்: "போட்டுக் காட்டுறியா ஆத்தா?"